ரயட் வேன்கார்டு: ஹேக்கர்களை விரட்டும் மென்பொருளும் அதற்கு நாம் தரும் விலையும்

வேலரன்ட் விளையாட்டை நிறுவும் ஒவ்வொருவரும் உண்மையில் இரண்டு மென்பொருள்களை நிறுவுகிறார்கள். ஒன்று, ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதிக்கொள்ளும் அந்தத் துப்பாக்கிச் சண்டை. மற்றொன்று, அதனுடன் சேர்ந்தே வந்து, கணினித் திரையின் கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிறு சின்னமாக உட்கார்ந்துகொள்ளும் ரயட் வேன்கார்டு. ஹேக், அதாவது ஏமாற்று நிரல், போட்டு ஆடுபவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றுவது அதன் வேலை. துப்பாக்கிகளையும் வரைபடங்களையும் ஏஜென்டுகள் எனப்படும் கதாபாத்திரங்களையும் பற்றிய மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், இந்த இரண்டாவது மென்பொருளை மட்டும் ஒரு தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு மதிப்பிட விரும்புகிறேன். வேலரன்ட் வெளியான காலத்திலிருந்தே அதை ஆடிவருகிறேன். கோல்டு, பிளாட்டினம் தரவரிசைகளுக்கு இடையே ஏறி இறங்கும் சாதாரண ஆட்டக்காரன்தான். அந்த உயரத்திலிருந்து தெரிவதையே எழுதுகிறேன்.

இப்படியொரு மென்பொருள் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2000-களில் நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடிய தலைமுறைக்கு 'நான்-ஸ்டீம்' என்ற சொல் நன்றாகத் தெரிந்திருக்கும். யாரும் காசு கொடுத்து வாங்காத, கிராக் செய்யப்பட்ட அந்தப் பிரதி பென் டிரைவில் ஏறி ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்த விளையாட்டை வெளியிட்ட வால்வ் நிறுவனம் 2002-லேயே வாக் என்ற ஹேக் தடுப்பு முறையைக் கொண்டுவந்திருந்தாலும், அந்நிறுவனத்தின் விற்பனைத் தளமான ஸ்டீமில் கணக்கே இல்லாமல் ஆடப்பட்ட பிரதிகளிடம் அதற்கு வேலையில்லை. தடை விதிக்க வேண்டுமானால், தடை விதிப்பதற்கென்று ஒரு கணக்காவது இருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டிக்கொடுக்கும் வால்ஹேக்கை அங்கே ஒருவன் போடாமல் இருந்தான் என்றால், பக்கத்து நாற்காலியில் இருப்பவன் திரையை எட்டிப் பார்த்துவிடுவான் என்ற பயமே காரணம். விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் நிலை வேறு. பிடிபட்டால் அந்தக் கணக்கை வைத்துப் பாதுகாக்கப்பட்ட சர்வர்களில் ஆட முடியாது. ஆசை விடவில்லை என்றால் விளையாட்டை மறுபடியும் வாங்க வேண்டும். விளையாட்டின் விலையே ஒருவகையில் அபராதத் தொகையாகவும் இருந்தது.

விளையாட்டுகள் இலவசமானபோது அந்த அபராதம் இல்லாமல் போனது. கவுன்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் 2018 டிசம்பரில் இலவசமாக்கப்பட்டது. 2020 ஜூன் 2 அன்று வெளியான வேலரன்ட் முதல் நாளிலிருந்தே இலவசம். ஒரு கணக்குப் பறிபோனால் ஐந்து நிமிடத்தில் இன்னொரு மின்னஞ்சல் முகவரி, இன்னொரு கணக்கு. திருட்டுப் பிரதியைத் தேடி அலைய வேண்டிய தேவை தீர்ந்தது நல்லதுதான். ஆனால் தடைக்குப் பயப்பட வேண்டிய தேவையும் அதனுடனேயே தீர்ந்துவிட்டது. ஆகவே கணக்கைத் தண்டிப்பதோடு நிறுத்தாமல் கணினியையே கண்காணிப்பது, தேவைப்பட்டால் கணினியையே தடை செய்வது என்ற முடிவுக்கு வேலரன்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ் வந்தது. அந்த முடிவின் செயல்வடிவம்தான் வேன்கார்டு.

விண்டோஸில் சாதாரண நிரல்கள் இயங்கும் அடுக்கு ஒன்று. கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கரு இயங்கும் அடுக்கு வேறு. கெர்னலில் இயங்கும் நிரலால் நினைவகத்தின் எந்தப் பகுதியையும் படிக்க முடியும். மற்ற நிரல்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கவும் முடியும். ஹேக் எழுதுபவர்கள் நெடுங்காலமாகத் தங்கள் நிரல்களைக் கெர்னலுக்குள் நுழைத்துவிட்டு, மேலடுக்கில் இயங்கும் தடுப்பு மென்பொருள்களின் கண்ணில் படாமல் இருந்துவந்தார்கள். இதற்குப் பதிலாகவே வேன்கார்டு இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கிறது: விஜிகே என்ற டிரைவர் (இயங்குதளத்தோடு ஒன்றி இயங்கும் நிரல்) கெர்னலிலும், விஜிசி என்ற சேவை நிரல் மேலடுக்கிலும் இயங்குகின்றன. விளையாட்டைத் திறக்கும்வரை இந்த டிரைவர் காத்திருப்பதில்லை. கணினி தொடங்கும்போதே ஏறிவிடுகிறது. முதலில் வந்து அமர்ந்தவருக்குத்தான் பின்னால் யார் யார் வந்தார்கள் என்று தெரியும் என்பது இதன் தர்க்கம். மூலையில் உள்ள சின்னத்தை வலது சொடுக்கு செய்து இதை நிறுத்திவிட முடியும். ஆனால் அதன்பின் வேலரன்ட் ஆட ஆசைப்பட்டால் கணினியை மறுபடி தொடங்கியே ஆக வேண்டும்.

என் பார்வையில், வேன்கார்டு நம் கணினியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்சோலாக மாற்றுகிறது. பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் நின்டென்டோவின் ஸ்விட்சிலும், மின்சாரம் பாய்ந்த கணத்திலிருந்து எந்த நிரல் ஓடலாம் என்பதைத் தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பமே தீர்மானிக்கிறது. அந்தப் பூட்டை உடைப்பதற்காகவே கன்சோல்களை மாட் செய்யும், அதாவது மாற்றியமைக்கும், கலை வளர்ந்தது. பிளேஸ்டேஷன் 2 வாங்கப் போனவர்களுக்கு, "சிப் போட்டதா, போடாததா?" என்ற கடைக்காரரின் கேள்வி நினைவிருக்கும். கணினியோ தொடக்கத்திலிருந்தே திறந்த பெட்டி. எந்த இயங்குதளத்தையும் போடலாம், எந்த டிரைவரையும் ஏற்றலாம், எதையும் நோண்டலாம். அந்தச் சுதந்திரத்தில்தான் ஹேக்குகளும் வாழ்கின்றன. கணினி தொடங்கிய நொடியிலிருந்து எல்லாம் நம்பகமானவையே என்று உறுதி செய்துகொள்ள வேன்கார்டு கேட்கும் ஒவ்வொன்றும், கன்சோல் தயாரிப்பாளர்கள் தங்கள் பெட்டிகளுக்குள் முன்பே கட்டிவைத்திருப்பவற்றின் நகல்தான்.

பூட்டு மட்டும் போதாது என்பதையும் கன்சோல் உலகம் முன்பே காட்டியிருக்கிறது. 2018-இல் ஸ்விட்சின் டெக்ரா எக்ஸ்1 சிப்பில் ஒரு குறைபாடு வெளியானது. துவக்க நிரல் சிப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்ததால், அதுவரை விற்ற கன்சோல்களில் அதை எந்த மென்பொருள் மேம்படுத்தலாலும் சரிசெய்ய முடியவில்லை. பூட்டு உடைந்துவிட்ட நிலையில் நின்டென்டோவிடம் மிஞ்சிய ஆயுதம், மாட் செய்த கன்சோல்களை ஆன்லைன் சேவையிலிருந்து வெளியேற்றுவதுதான். மைக்ரோசாஃப்டும் 2009 நவம்பரில், திருட்டு டிஸ்குகளை ஓட்டுவதற்காக மாற்றப்பட்ட எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாக எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையிலிருந்து தடை செய்தது. பெட்டி வீட்டில் தனியாக ஓடும். மற்றவர்களோடு சேர்ந்து ஆட முடியாது. ஆன்லைன் விளையாட்டைப் பொறுத்தவரை அதுவே போதுமான தண்டனை. வேன்கார்டும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது: ஆதாரத்துடன் பிடிபட்டவரின் கணக்கோடு அவருடைய கணினியின் வன்பொருள் அடையாளமும் தடைப் பட்டியலில் ஏறுகிறது.

நிறுவும் அனுபவத்துக்கு வருகிறேன். அண்மையில் வாங்கிய மடிக்கணினி என்றால் சொல்வதற்கு எதுவுமில்லை. நிறுவி, ஒரு முறை மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அசெம்பிள் செய்த கணினியில் விண்டோஸ் 11 ஏற்றியிருப்பவர்களுக்கே சிரமம். அங்கே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வன்பொருள் வசதி), செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் கணினி தொடங்கும்போது ஏற்றும் வசதி) ஆகிய இரண்டும் இயங்காவிட்டால், விஏஎன் 9001 அல்லது விஏஎன் 9003 என்ற பிழை எண்ணைக் காட்டி விளையாட்டு திறக்க மறுத்துவிடும். பெரும்பாலான மதர்போர்டுகளில் இந்த வசதிகள் உள்ளே இருக்கும், ஆனால் அணைந்து கிடக்கும். பயாஸ் என்ற, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், இன்டெல் பலகையானால் பிடிடி, ஏஎம்டி பலகையானால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருப்பதை முதலில் இயக்க வேண்டும். பிறகு சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைத்துவிட்டு செக்யூர் பூட்டை இயக்க வேண்டும்.

இந்தக் கடைசிப் படியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் இருக்கும் வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், சிஎஸ்எம்மை அணைத்த மறுகணமே கணினிக்கு விண்டோஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே பயாஸைத் தொடுவதற்கு முன்பே, தொடக்கப் பட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்று இருக்கிறதா, லெகசி என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுவது நல்லது. லெகசி என்றிருந்தால், விண்டோஸுடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியைக் கொண்டு வட்டை முதலில் மாற்ற வேண்டும்; அதற்கும் முன்பாக முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎம், செக்யூர் பூட் அமைப்புகளை மாற்றினால் பிட்லாக்கர் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும். ஓர் இலவச விளையாட்டுக்காகப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இத்தனையும் செய்ய வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஒரே நேரத்தில் எரிச்சலையும் பெருமிதத்தையும் தருகிறது. இந்தத் தலைமுறைக்குப் பயாஸ் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்த வாத்தியார் வேன்கார்டுதான்.

சரி, இவ்வளவு கேட்கும் மென்பொருள் தன் வேலையைச் செய்கிறதா? செய்கிறது. உலக அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான தரவரிசைப் போட்டிகளிலேயே ஹேக்கர்கள் இருப்பதாக ரயட் தரப்பு சொல்கிறது. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கு என்பதால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மும்பை சர்வரில் ஆடும் என் அனுபவமும் அதற்கு மாறாக இல்லை. சந்தேகம் வரும் ஆட்டங்கள் உண்டு. மறுபடி யோசித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை எதிராளி நம்மைவிட நன்றாக ஆடிய ஆட்டங்கள்தான். ஹேக்கர் உண்மையாகவே சிக்கிக்கொள்ளும் காட்சி தனி. சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே திரை முழுவதும் சிவப்பாகி, ஏமாற்றுபவர் கண்டறியப்பட்டார் என்ற அறிவிப்பு வந்து, ஆட்டம் அங்கேயே கலைக்கப்படும். தோற்றுக்கொண்டிருந்த அணிக்குத் தரவரிசைப் புள்ளி குறையாது. பிடிபட்டவர்களைச் சேர்த்துவைத்துப் பல நாள் கழித்து மொத்தமாகத் தடை செய்துவந்த பழைய வாக் முறையைவிட, ஆடுபவரின் மனத்துக்கு இது எவ்வளவோ ஆறுதல் தருகிறது.

பாராட்டு முழுவதையும் வேன்கார்டுக்கே கொடுத்துவிடவும் முடியாது. வேலரன்டின் சர்வரிலேயே ஃபாக் ஆஃப் வார் என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வழக்கமான துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் எல்லா ஆட்டக்காரர்களின் இருப்பிடமும் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பப்படும். விளையாட்டு அதைத் திரையில் காட்டாமல் மறைத்துவைக்கும். வால்ஹேக் அந்த மறைப்பை விலக்கும். வேலரன்டின் சர்வரோ, எதிரி நம் பார்வைக்கு வரும் தறுவாயில்தான் அவர் நிற்கும் இடத்தை நம் கணினிக்கு அனுப்புகிறது. கணினிக்கு வந்து சேராத தகவலை எந்த ஹேக்காலும் எடுத்துக் காட்ட முடியாது. அந்தச் சில கணங்களுக்கு முன்னறிவிப்பு மட்டுமே வால்ஹேக் போட்டவருக்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால், இந்த ஒட்டுமொத்த ஏற்பாட்டில் மிக அழகான பகுதி இதுதான். இதற்கு நம் கணினியின் கெர்னலும் வேண்டாம், டிபிஎம்மும் வேண்டாம்.

இத்தனையையும் தாண்டி நுழைபவர்கள் இருவகை. முதல் வகையினர் விளையாட்டின் நினைவகத்தைத் தொடுவதே இல்லை. வேலரன்டில் எதிரிகளைச் சுற்றிச் சிவப்பு, ஊதா, மஞ்சள் ஆகிய நிறங்களில் ஒரு கோடு தெரியும்; எந்த நிறம் வேண்டும் என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம். திரையின் நடுப்பகுதியை மட்டும் படம்பிடித்துக்கொண்டே இருந்து, அந்த நிறம் தென்பட்டதும் சுட்டியை நகர்த்துவது அல்லது சுடுவது என்பதே இவ்வகை ஹேக்கின் வேலை. நகர்த்தும் கட்டளைகூடக் கணினிக்குள்ளிருந்து வராமல், சுட்டியைப் போல நடிக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்றிலிருந்து வரும். இப்படி ஆடுபவரின் கை எங்கோ ஓரிடத்தில் இயல்புக்கு மாறாக அசைந்தே தீரும் என்பதால், இவர்களைப் பிடிக்க நடத்தையையே அலச வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வகைதான் விலை உயர்ந்தது. டிஎம்ஏ என்ற முறையில், கணினியின் பிசிஐஇ செருகுவாயில் ஒரு விரிவாக்க அட்டையைப் பொருத்துகிறார்கள். நெட்வொர்க் கார்டு போன்ற ஏதோ ஒரு சாதாரணக் கருவி என்று அது தன்னை அறிவித்துக்கொள்ளும். உண்மையில் பிராசசரைக் கேட்காமலேயே நினைவகத்தைப் படித்து, பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஹேக் ஓடுவது அந்த இரண்டாவது கணினியில். வேன்கார்டு காவல் காக்கும் கணினியில் சந்தேகத்துக்குரிய நிரல் எதுவுமே இருக்காது. இதைத் தடுக்க வல்லது ஐஓஎம்எம்யு எனப்படும் வன்பொருள் வசதி. எந்தக் கருவி நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று அது வரம்பு கட்டுகிறது. 2025 டிசம்பரில் ரயட் ஒரு தகவலை வெளியிட்டது: ஆசூஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, அஸ்ராக் ஆகிய நிறுவனங்களின் சில மதர்போர்டுகளில் இந்த வசதி இயங்குவதாகக் காட்டப்பட்டாலும், கணினி தொடங்கும் முதல் நொடிகளில் அது சரியாக அமைக்கப்படாமல் ஒரு சிறு இடைவெளி இருந்தது. நிறுவனங்கள் பயாஸ் மேம்படுத்தல்களை வெளியிட்டன. விளையாட்டு நிறுவனம் ஒன்று மதர்போர்டுத் தயாரிப்பாளர்களின் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னது பாராட்டத்தக்கது. அதே நேரத்தில், ஹேக்கரைத் துரத்திக்கொண்டு போகப் போக அந்தத் துரத்தல் நம் கணினியின் எத்தனை ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்பதையும் இது காட்டுகிறது.

குறைகளைப் பேச இதுவே இடம். வேலரன்ட் சோதனை வெளியீடாக இருந்த 2020 ஏப்ரல், மே மாதங்களில், பாதுகாப்புக் குறைபாடு உள்ள டிரைவர்கள் என்ற காரணத்தால், கணினியின் வெப்பநிலையைக் காட்டுவதும் மின்விசிறிகளைக் கட்டுப்படுத்துவதுமான சில பயன்பாட்டு மென்பொருள்களை வேன்கார்டு இயங்கவிடாமல் தடுத்தது. விளையாட்டு மூடியிருக்கும்போதும் தடுத்தது என்பதே பலரின் கோபத்துக்குக் காரணம். அதன்பிறகுதான் ரயட் தடைகளைத் தளர்த்தி, எதைத் தடுக்கிறோம் என்ற அறிவிப்பையும், நிறுத்திக்கொள்ள உதவும் அந்த மூலைச் சின்னத்தையும் கொண்டுவந்தது. முதல் நாளே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு அது.

பெரிய கவலை வேறு. கெர்னலில் இயங்கும் டிரைவரில் ஒரு பிழை இருந்தால் அது விளையாட்டோடு நின்றுவிடாது. காப்காம் நிறுவனம் 2016 செப்டம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 விளையாட்டுடன் அனுப்பிய ஹேக் தடுப்பு டிரைவர், கணினியில் இருக்கும் எந்த நிரலும் கெர்னலுக்குள் நுழையக் கதவைத் திறந்துவிட்டது. நிறுவனம் அதை உடனடியாகத் திரும்பப் பெற நேர்ந்தது. ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் தடுப்பு டிரைவரை எடுத்துச் சென்று, அந்த விளையாட்டே இல்லாத கணினிகளில் ஏற்றி, வைரஸ் தடுப்பு மென்பொருள்களை அணைத்துவிட்டுப் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் பணயத் தாக்குதல் நடத்திய சம்பவம் 2022-இல் வெளியானது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அது விளையாட்டு மென்பொருள் அல்ல. ஆனால் கெர்னலில் அமர்ந்திருக்கும் ஒன்று தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய செய்முறை விளக்கம் வேண்டியதில்லை. இந்த அபாயத்தை ரயட் உணராமல் இல்லை. வேன்கார்டில் கடுமையான ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு ஒரு லட்சம் டாலர்வரை பரிசு என்று 2020-லேயே அறிவித்தது. கெர்னல் டிரைவர் தானாக எந்தத் தகவலையும் நிறுவனத்துக்கு அனுப்புவதில்லை என்றும் அப்போது கூறியது. சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துக்குச் சொந்தமானது ரயட் என்பதால் இந்த வாக்குறுதியைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. மூல நிரல் வெளியே கிடைக்காத எந்த மென்பொருளிலும் கடைசியில் மிஞ்சுவது நம்பிக்கைதான். அதை எந்த அளவுக்கு வைப்பது என்பது அவரவர் முடிவு.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே இடமே இல்லை. 2024 மே மாதத்தில் ரயட்டின் இன்னொரு விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வேன்கார்டு வந்தபோது, அதுவரை விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக லினக்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு வழி அடைபட்டது.

மாற்று என்ன என்று கேட்டால், தப்பிக்க வழி குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் பதில். ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய மற்ற ஹேக் தடுப்பு மென்பொருள்களும் கெர்னலில் இயங்குபவையே. விளையாட்டுடன் ஏறி விளையாட்டுடன் இறங்கிவிடும் என்பதே ஆறுதல். போட்டிகள் நடத்தும் ஃபேஸ்இட் தளத்தின் மென்பொருள் வேன்கார்டைப் போலவே தொடக்கத்திலேயே ஏறுகிறது. 2025-இல் வெளியான பேட்டில்ஃபீல்ட் 6 செக்யூர் பூட்டைக் கட்டாயமாக்கியது. கால் ஆஃப் டியூட்டியும் அதே வழியில் போகிறது. வால்வின் வாக் மட்டும் இன்னும் கெர்னலுக்குள் இறங்காமல் நிற்கிறது. அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் மேல்தரவரிசை ஆடுபவர்கள் வால்வின் சொந்த சர்வர்களை விட்டு ஃபேஸ்இட்டுக்குப் போய்விடுவதையும் கூடவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியர்களுக்கு இந்த விவகாரத்தில் ஒரு பழைய தழும்பும் உண்டு. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லாண்ட் கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணிக்காக ஃபோர்சேகன் என்ற பெயரில் ஆடியவரின் கணினியை நடுவர்கள் நிறுத்திச் சோதித்தபோது, வேர்ட்.எக்ஸ்இ என்ற பெயரில் தானாகக் குறிவைக்கும் ஓர் எய்ம்பாட் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை, அணியே கலைக்கப்பட்டது. ஒருவரின் கோப்புக்காக மற்ற நால்வரின் உழைப்பும் போனது. மேடையில், பார்வையாளர்கள் முன்னிலையில், அமைப்பாளர்கள் தந்த கணினியிலேயே இது நடக்க முடிந்தது என்றால், வீட்டு அறையில் தனியாக அமர்ந்திருப்பவரைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. கெர்னல் கண்காணிப்பை முற்றாக எதிர்ப்பவர்களோடு நான் முழுமையாக உடன்பட முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றுக்கான வேலரன்ட் 2024-இல் வந்தது. அங்கே பெட்டியே பூட்டப்பட்டது என்பதால் கணினி ஆட்டக்காரர்களுக்குள்ள தொல்லைகள் எதுவும் இல்லை. அங்குள்ள ஏமாற்று, க்ரோனஸ் ஜென், ஜிம் போன்ற கருவிகள். துப்பாக்கியின் உதைப்பைத் தானாகச் சமன்செய்வது, சுட்டியையும் விசைப்பலகையையும் கன்ட்ரோலர் என்று கன்சோலை நம்பவைப்பது போன்ற வேலைகளை அவை செய்கின்றன. பணம் கொடுத்துக் கணினி மேம்படுத்த மனமில்லாதவர்களுக்கு, கன்சோல் பதிப்பு நியாயமான மாற்று. கணினியில் ஆடும் நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாது என்பது மட்டும் குறை.

பழைய கணினி வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வன்பொருள் தடை ஆளைப் பார்ப்பதில்லை, பலகையைத்தான் பார்க்கிறது. சென்னை ரிச்சி தெருவிலோ இணைய விளம்பரத்திலோ செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு, அசெம்பிள் செய்த கணினி வாங்கினால், முந்தைய உரிமையாளர் செய்த பாவம் உங்கள் தலையில் விடியக்கூடும். 2025-இல் ஸ்விட்ச் 2 வெளியான சில வாரங்களிலேயே, விளையாட்டுகளின் நகல்களை ஓட்டும் மிக் ஸ்விட்ச் என்ற கார்ட்ரிட்ஜைச் செருகியதால் தடை செய்யப்பட்ட கன்சோல்கள் பழைய பொருள் சந்தைக்கு வந்து, விவரம் அறியாமல் வாங்கியவர்கள் ஏமாந்த கதையும் இதே வகைதான். விற்பவர் முன்னிலையிலேயே, உங்கள் சொந்தக் கணக்கால் உள்நுழைந்து ஓர் ஆட்டத்தையாவது ஆடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். பல பேர் வந்துபோகும் கேமிங் கஃபே நடத்துபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

என் தீர்ப்பு: ஹேக் தடுப்பு என்ற ஒரே அளவுகோலில், பொதுமக்களுக்குக் கிடைப்பவற்றில் வேன்கார்டே சிறந்தது, ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அதே கணினியில் அலுவலக வேலை, வாடிக்கையாளர் கோப்புகள், நிறுவனத்தின் வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் வைத்திருப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நான் விளையாட்டுக்கென்று ஒரு கணினியை வைத்துக்கொண்டு, வேலைக்குப் பழைய மடிக்கணினியைப் பயன்படுத்துகிறேன். எல்லோராலும் இரண்டு கணினி வாங்க முடியாது என்பதும் தெரியும். ஒரே கணினிதான் இருக்கிறது என்றால், ஆடாத நாட்களில் கணினி தொடங்கியதும் மூலைச் சின்னத்தை வலது சொடுக்கு செய்து வேன்கார்டை நிறுத்திவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். விளையாட்டையே கைவிடுபவர்கள் கவனிக்க: வேலரன்டை மட்டும் நீக்கினால் வேன்கார்டு போகாது. விண்டோஸ் அமைப்புகளில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, ரயட் வேன்கார்டு என்ற பெயரைத் தேடித் தனியாக நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.